சுருளியப்பன் அரசாங்கத்துக்கு வைத்த பாக்கி

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் நல்ல பெண்தான். ஆனால் போன் பேச ஆரம்பித்தால் வைக்கத் தெரியாது. போன வாரம் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள்.

“மேடம், உதவித்தொகையைத் தப்பா வாங்கிட்டு, அந்தப் பாக்கியத் திருப்பிக் கட்டாமலே ஒருத்தர் வெளிநாடு போயிட்டா என்ன மேடம் பண்றது?”

பருப்பு பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோய், “தப்பாக் கேட்டுட்டேனா மேடம்?” என்றாள். தப்பே இல்லை. என் சர்வீஸில் அப்படி ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் பாக்கியைக் கட்ட வந்தார், நாங்கள்தான் வாங்க மாட்டேன் என்று ஓடினோம். இதைச் சொன்னதும், “எழுதிக் குடுங்க மேடம், எங்களுக்கு உதவியா இருக்கும்” என்றாள். உதவியாக இருக்குமா என்று தெரியாது. எழுதுகிறேன்.

போடிக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் இன்னும் என்னைச் சந்தையில் பார்த்துச் சிரிக்கிறார்கள், அது தொடர வேண்டும். பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கோப்புக்கு நூல் கோர்த்தது, பெரியவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்தது, டீ வந்தால் எண்ணிக் கொடுத்தது. இதற்குப் பயிற்சிக் காலம் என்று பெயர். அப்புறம் முதியோர் உதவித்தொகைப் பிரிவுக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை சுற்றிச் சுற்றி அங்கேயேதான் இருந்தேன்.

எங்கள் தாசில்தார் திருவேங்கடம் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருப்பார், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. யாரையும் திட்ட மாட்டார். யாருக்கும் “ஆகும்” என்றும் சொல்ல மாட்டார், “ஆகாது” என்றும் சொல்ல மாட்டார். “விதி என்ன சொல்லுது?” என்று மட்டும் கேட்பார். நாம் விதியைச் சொன்னால், “அதுக்கு மேல ஒரு விதி இருக்குமே” என்பார். பக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர். சிக்கலான கோப்பு வந்தால் ஒரு மடக்கு குடிப்பார். ரொம்பச் சிக்கலாக இருந்தால் எழுந்து குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு நிதானமாகக் கை கழுவுவார். அவர் திரும்பி வருவதற்குள் மனு கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் மீது எனக்குக் கோபம் வந்த அளவுக்கு என் வீட்டுக்காரர் மீதுகூட வந்ததில்லை. ஆனால் ஒரு பைசா லஞ்சம் வாங்காத மனுஷன். அதனால் முழுசாகக் கோபப்படவும் முடியாது.

மலையடிவாரத்தில் மனுநீதி முகாம் போட்டால் கூட்டம் அம்மும். குரங்கணி, அதற்கு மேலே உள்ள ஊர்கள், எஸ்டேட்டில் வேலையை முடித்துக்கொண்டு கீழே இறங்கியவர்கள் என்று எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு மனுவாகப் படித்துப் பிரிக்க வேண்டும் என்பதுதான் முறை. அந்தக் கூச்சலில் யார் படிப்பது? எங்கள் கிராம உதவியாளர் மாயாண்டி அண்ணன் அதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். வாசலில் நின்றுகொண்டு, “நரைச்ச தலையெல்லாம் இந்தப் பக்கம், கருத்த தலையெல்லாம் அந்தப் பக்கம்” என்று பிரித்துவிடுவார். நரைத்த தலைக்கு உதவித்தொகை மேஜை. கருத்த தலைக்குப் பட்டா, ரேஷன், மற்றவை. மை பூசிய தலைகள்தான் அங்குமிங்கும் அலையும். பெரும்பாலும் இந்த வழி சரியாகவே வந்தது, அதுதான் ஆச்சரியம்.

சுருளியப்பன் அய்யாவுக்குத் தும்பைப்பூவாய் வெளுத்த தலை. குரங்கணிக்கு மேலே ஒரு சின்ன ஊர். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் காலம் பூராவும் வேலை பார்த்தவர். அதில் பல வருடம் மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியில். அதனால் ஆபீசர் யாரைப் பார்த்தாலும் “சாரே” என்பார். அந்த முகாமுக்கு அவர் வந்தது, ஊருக்கு ஜீப்பு போகிற பாதையைச் சீர் செய்து ரோடு போட்டுத் தரச் சொல்லி மனுக் கொடுக்க. மாயாண்டி அண்ணன் தலையைப் பார்த்தார், இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். மேஜையில் இருந்தவர் பெயரையும் பேங்க் கணக்கையும் கேட்டு எழுதிக்கொண்டார். ரோடு போடுவதற்கு எதற்குப் பேங்க் கணக்கு என்று சுருளியப்பனும் கேட்கவில்லை. அப்புறம் விசாரணைக்குப் போன மாயாண்டி அண்ணன், வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஆளே இல்லாத வீட்டில் ஆதரவுக்கு மட்டும் யார் இருக்கப்போகிறார்கள் என்று முடிவுகட்டி, ‘ஆதரவற்ற முதியவர்’ என்று பரிந்துரைத்துவிட்டார். மாசாமாசம் பணம் ஏற ஆரம்பித்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் காலையில் அவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் முன்னால் வந்து நின்றார்.

“ஆத்தா, எம் மக முத்துலட்சுமி அயர்லாந்துல நர்சா இருக்கா. மொதப் பிரசவம். அவ ஆத்தாளும் எப்பவோ போய்ச் சேந்துட்டா, மருமகனுக்கு ராத்திரிச் சோலி. என்னைய வெரசா வரச் சொல்றா. நான் அவ ஆதரவுலதான் இருக்கேன்னு ஒரு சர்டிபிகேட்டு வேணுமாம்.”

சந்தோஷமாக அவர் ஆதார் நம்பரை அடித்தேன். கம்ப்யூட்டர் திரையில் ‘ஆதரவற்றவர்’ என்று வந்து நின்றது.

“அய்யா, நீங்க யாரோட ஆதரவும் இல்லாதவருன்னு பென்சன் வாங்கிட்டிருக்கீங்களே?”

“பென்சனா? நானா? எனக்கு எதுக்குத்தா பென்சன்? எம் மக ராணி மாதிரி காசு அனுப்புறா.”

“மாசாமாசம் உங்க கணக்குல ஏறுதுல்ல?”

“அதுவா?” என்று சிரித்தார். “அது ரோட்டுக் காசுல்ல! நாங்க ரோடு கேட்டு மனுக் குடுத்தோம். நீங்க போடல. போடாத குத்தத்துக்கு மாசாமாசம் அபராதம் கட்டிட்டு வர்றீங்க. கெவர்மெண்டு நேர்மையாத்தான் இருக்குன்னு ஊருக்குள்ள எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்தவள். அரசாங்கத்தைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தையை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “ரோட்டுக் காச வேற என்ன செய்வாக? ரோட்டுலதான் போட்டேன்” என்றார். மாசாமாசம் பணத்தை எடுத்துக் கல்லும் செம்மண்ணும் வாங்கி, ஆள் வைத்து, பாதையில் இருந்த பள்ளங்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்.

கோப்பைத் திருவேங்கடம் சாரிடம் கொண்டுபோனேன். சார் ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார். எழுந்து குழாயடிக்குப் போனார். அன்றைக்குக் கழுவிய மாதிரி அவர் என்றைக்கும் கை கழுவியதில்லை. திரும்பி வந்து, “ஆதரவு உண்டுன்னும் கையெழுத்துப் போட முடியாது, இல்லைன்னும் வச்சிருக்க முடியாது. உதவித்தொகையை ரத்து செய்யணும். வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். ஆனா...” என்று குரலைத் தாழ்த்தி, “அவர் ரத்துக்கு மட்டும் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பட்டும். பாக்கியை அப்புறம் பாத்துக்கலாம். வெளிநாட்டுக்கு யாரு போய்க் கேக்கப்போறா?” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே இளகிய வார்த்தை அது.

சுருளியப்பன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “தின்னது நான் இல்ல சாரே, ஆனா வாங்குன பேரு என் பேரு. கடன வச்சிட்டு நான் ஆகாசத்துல ஏற மாட்டேன். நடுவழியில எறக்கி விட்டா எங்க போயி நிக்கிறது, கீழ பூராம் கடலுங்கிறாக.”

“ப்ளைட்ட எல்லாம் நடுவுல நிறுத்த மாட்டாங்க அய்யா.”

“நீ ஏறியிருக்கியா ஆத்தா?”

நான் ஏறியதில்லை. சாரும் ஏறியதில்லை. அலுவலகத்தில் யாருமே ஏறியதில்லை.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அரசாங்கத்திடம் பணம் வாங்குவதற்கு வழி உண்டு, முகாம் உண்டு, மேஜை உண்டு, மாயாண்டி அண்ணன் உண்டு. திருப்பிக் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதுவரை யாரும் கொடுத்ததில்லை. பேங்கில் கேட்டால் கருவூலத்துக்குப் போ என்றார்கள். கருவூலத்தில் எந்தக் கணக்குத் தலைப்பில் கட்டுகிறீர்கள் என்றார்கள். தலைப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போனால், வசூல் உத்தரவு எங்கே என்றார்கள். உத்தரவு போட வேண்டும் என்றால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகத்தில் கையில் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். “விதி என்ன சொல்லுது? அவர் வசிப்பிடத்தில் சார்வு செய்யணும், அதாவது வீட்டுக்கே போய்க் கொடுக்கணும்” என்றார் சார். இதற்கிடையில் டிக்கெட் போட்ட தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி தினமும் என் போனுக்கே கூப்பிட ஆரம்பித்தாள்.

“மேடம், எங்கப்பாவ எப்படியாச்சும் ஏத்தி விட்டுருங்க மேடம். வலி எடுத்தா எனக்குக் கையப் புடிக்கக்கூட இங்க ஆளில்ல. கடன நானே கட்டுறேன்னா, நீ யாரு கட்டன்னு என்னையத் திட்டுறாரு.” அந்தப் பிள்ளை அழுததைக் கேட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டுப் போய் முதல்முறையாகச் சாரிடம் சத்தம் போட்டேன். “இன்னைக்கே போறோம் சார். நீங்க வரலைன்னா உங்க பிளாஸ்க்கைக் கொண்டுபோய்ச் சந்தையில வித்துருவேன்.” சார் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார்.

ஒரு ஜீப்பு பிடித்தோம். முன்னால் சாரும் பிளாஸ்க்கும். பின்னால் நானும் மாயாண்டி அண்ணனும், யாருடையதோ இரண்டு உரமூடையும். சுருளியப்பனும் எங்களோடுதான் வந்தார். நோட்டீஸை வாங்குவதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே, அதற்காக. மேலே போகிற வேறு ஜீப்பு அன்றைக்கு இல்லை.

குரங்கணியைத் தாண்டியதும் ஜீப்பு ஆடும் என்று கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆடவில்லை. வழவழவென்று போனது. சார் அந்த ஓட்டத்திலேயே மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடித்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“நல்லா இருக்கே. இந்த ரோடு யார் போட்டது?” என்று கேட்டார்.

“நீங்கதான் சாரே போட்டீக. ஒங்க காசு” என்றார் சுருளியப்பன்.

சார் குடித்த வெந்நீர் புரையேறிவிட்டது. டிரைவர் வேறு சும்மா இருக்காமல், “இந்த அப்பு போட்ட ரோட்டுனாலதான் சார் ரெண்டு வருசமா நான் வண்டிக்கு அடியில ஸ்பிரிங் பட்டையே மாத்தல. முன்னால மாசம் ஒரு பட்டை ஒடியும்” என்றார். கொஞ்ச தூரம் போனதும் ரோடு திடீரென்று நின்று, பழைய பள்ளமும் பாறையும் ஆரம்பித்தன. என் தலை ஜீப்புக் கூரையில் இடித்தது. மூடை மாயாண்டி அண்ணன் மடியில் ஏறி உட்கார்ந்தது. சுருளியப்பன் வருத்தத்தோடு சொன்னார்: “இதுக்கு மேல காசு பத்தல சாரே. நீங்க இன்னும் ரெண்டு வருசம் ரோடு போடாம அபராதம் கட்டிட்டு இருந்திருந்தா, நான் ஊரு வரைக்கும் போட்டு முடிச்சிருப்பேன்.”

வீடு வந்தது. எல்லோரும் இறங்கினோம். சுருளியப்பன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போது சார் கையை உயர்த்தினார்.

“உள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க.”

அவர் சாத்திக்கொண்டார்.

“மாயாண்டி, தட்டுங்க.”

“சார், அவரு நம்ம கூடத்தான் வந்தாரு.”

“வந்தது வேற. அவர் வீட்டுல இருக்காருங்கிறது வேற. தட்டுங்க.”

மாயாண்டி அண்ணன் தட்டினார். சுருளியப்பன் கதவைத் திறந்து, எங்களை ஏற இறங்கப் பார்த்து, “யாரு வேணும்?” என்றார். அந்த மனுஷனுக்கு விளையாட்டா, நிஜமாகவே முறை என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“சுருளியப்பன் என்பவர் வீட்டில் இருக்கிறாரா?” என்று சார் அச்சடித்த தமிழில் கேட்டார்.

“இருக்காரு சாரே. இப்பத்தான் வந்தாரு. ஜீப்புல எடமே இல்ல, பாவம், நசுங்கிப் போயி வந்து படுத்திருக்காரு.”

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலித்தது. சார் மட்டும் சிரிக்காமல் நோட்டீஸைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, தேதி போட்டார். அதில் ‘இதுநாள்வரை தொகையைச் செலுத்தத் தவறிய தாங்கள்’ என்று இருந்ததைப் படித்துவிட்டுச் சுருளியப்பன் கொதித்துப் போனார். “யாரு தவறுனது? கட்டுறேன் கட்டுறேன்னு ஒங்க வாசல்ல நான் நிக்கிறேன், நீங்கதான கைய நீட்ட மாட்டேங்கிறீக!” அந்த இடத்திலேயே பதில் எழுத உட்கார்ந்தார். ஒரே வரி. ‘கடனை ஒப்புக்கொள்கிறேன், ரோடு அரசாங்கத்துக்கே சொந்தம்.’ சார் அதை வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அப்புறம் அந்த வீட்டு வாசலிலேயே நின்று வசூல் உத்தரவிலும், ஆதரவுச் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். மேலே இன்னொரு விதி இருக்குமே என்று சொல்லவில்லை. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

மகள் குளிர் உடுப்பு வாங்க அனுப்பியிருந்த பணத்தோடு வீட்டில் இருந்ததையும் சேர்த்துத்தான் சுருளியப்பன் கருவூலத்தில் கட்டினார். ஜீப்பு டிரைவர்கள் தங்களுக்குள் பணம் பிரித்துத் தருகிறோம் என்று வந்தார்கள். “ரோடு ஒங்களுக்கு, கடன் எனக்கு. போயி வண்டிய ஓட்டுங்கடா” என்று விரட்டிவிட்டார். அவர்கள் விடவில்லை. எஸ்டேட்டில் போர்த்துகிற கறுப்புக் கம்பளி ஒன்றும் குரங்குக் குல்லா ஒன்றும் வாங்கி வந்து போர்த்திவிட்டார்கள். மதுரை வெயிலில் அந்தக் கம்பளியோடும் குல்லாவோடும் விமான நிலையத்துக்குள் போனவர், வாசலில் துப்பாக்கியோடு நின்ற போலீசிடம் கருவூலத்தில் பணம் கட்டிய செலானை நீட்டி, “நான் பாக்கி இல்லாத ஆளு” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் போலீஸ் செலானை வாங்கிப் பார்த்துவிட்டுச் சல்யூட் அடித்ததாக டிரைவர்கள் சொன்னார்கள். இதில் எவ்வளவு உண்மை என்று தெரியாது.

அவர் போய் இறங்கிய அதே வாரத்தில் பேத்தி பிறந்தாள். நான் அதே மாசக் கடைசியில் ஓய்வு பெற்றேன். எனக்குச் சால்வை போர்த்திய அன்றைக்குச் சார் எழுந்து நான்கு வார்த்தை பேசினார். பாதி வெந்நீரைப் பற்றித்தான்.

அடுத்த மாசம் ஒரு காலையில் போன் வந்தது. சுருளியப்பன்.

“ஆத்தா, மறுபடியும் காசு ஏறிருச்சுன்னு பேங்குலருந்து போனுல வந்துருக்கு!”

அலுவலகத்துக்குப் போட்டு விசாரித்தேன். உதவித்தொகையை நிறுத்துவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறந்துவிட்டார் என்று இருந்தது. இடம் பெயர்ந்தார் என்று இருந்தது. நல்லபடியாக எல்லாவற்றையும் கட்டிவிட்டு மகளோடு போய்விட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடிக்க மனசில்லாமல் யாரோ ‘இடம் பெயர்ந்தார்’ என்பதைத் தட்டியிருக்கிறார்கள். எந்த ஊருக்கு என்று அது கேட்டிருக்கிறது. பட்டியலில் நம் பக்கத்து ஊர்கள் மட்டும்தான் இருந்திருக்கின்றன. பொட்டிபுரத்தைப் போட்டுவிட்டார்கள். ஆக, அரசாங்கத்தைப் பொறுத்தவரை சுருளியப்பன் பொட்டிபுரத்தில் குடியிருந்துகொண்டு ஆதரவில்லாமல் பென்சன் வாங்குகிறார்.

திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்ப நான் கெளம்பி வரவா?” என்றார். சத்தியமாகக் கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். பின்னால் பேத்தி வீறிட்டு அழுதாள். போனை அப்படியே தோளில் இடுக்கிக்கொண்டு அவர் அவளைத் தூக்கி, “ஒண்ணுமில்லடி எஞ்சாமி, ஒண்ணுமில்ல” என்று தட்டுவது கேட்டது. அழுகை மெதுவாக அடங்கியது.

“வராதீங்க அய்யா” என்றேன். “பேங்குல அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஆபீசுல இருக்குறவங்க எடுத்துக்குவாங்க. நான் எழுதச் சொல்றேன்.”

குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார்.

“எழுதச் சொல்லாத ஆத்தா. கொஞ்சம் பாக்கி இருக்கட்டும். எல்லாத்தையும் தீத்துட்டா, அங்கிட்டுத் திரும்பி வர்றதுக்கு எனக்கு என்ன சோலி இருக்கு?”

சரி என்றேன்.